எஸ்தர் மேடத்தின் வாசிப்புக்கூடம்

குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில் பர்லியாரைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் லாரிகளும் கார்களும் வளைவுக்கு அப்பால்வரை வரிசையாக நின்றன. நடத்துனர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மரம் விழுந்துருச்சுங்க. அறுத்துட்டிருக்காங்க. ஒரு மணி நேரம் ஆகுமுங்க" என்றார். யாரும் பதறவில்லை. பின்னிருக்கையில் இரண்டு பெண்கள் படகா மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவரிடம் என்னவென்று கேட்டேன். "நாம போய்ச் சேர்ற வரைக்கும் வூட்டுல ஒருத்தரும் அடுப்புப் பத்த வெச்சிருக்க மாட்டாங்க, அப்படீங்கறாங்க" என்று மொழிபெயர்த்தார்.

எனக்கும் பதற்றம் இல்லை. நான் ஹட்டன் பக்கத்துக்காரி. மழைக்காலத்தில் பாதை மறிபடுவது எங்கள் ஊரிலும் வழக்கம்தான். ஜன்னல் வழியே தெரிந்த சரிவும் பனிமூட்டமும் ஊரில் பார்த்ததுபோலவே இருந்தன. மேலே ஏறியபின் ஒரு வித்தியாசம் கண்ணில் பட்டது. எங்கள் பெண்கள் கொழுந்தைக் கையால் கிள்ளுவார்கள். இங்கே நான் பார்த்த தோட்டத்தில் பெரிய கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

இலங்கையின் மலைநாட்டில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் நான் பதில் நூலகர். அதாவது, நிரந்தரமாக ஒருவர் வரும்வரை பொறுப்பைப் பார்த்துக்கொள்பவள். பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எங்கள் நூலகர் வெளிநாடு போனார். அவர் பின்னாலேயே இன்னும் சிலரும் போனார்கள். வெற்றிடங்கள் நிரப்பப்படவில்லை. குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டு நன்றாக நடக்கும் ஒரு நூலகத்தைப் பார்த்துவரச் சொல்லி, ஒரு பயிற்சித் திட்டத்தின் கீழ் ஒரு வாரம் என்னைக் குன்னூருக்கு அனுப்பினார்கள்.

அனுப்பும்போது இன்னொரு வேலையும் தந்திருந்தார்கள். நூலக ஊழியர்களில் நான்கு பேரை வேறு பிரிவுகளுக்கு விடுவிக்க வேண்டும். யார் அந்த நால்வர் என்று நான் எழுதித் தர வேண்டும். விமானத்திலேயே நான்கு பெயர்களையும் எழுதி முடித்திருந்தேன். எதிர்த்துப் பேசத் தெரியாத நான்கு பேரை எழுதியிருந்தேன்.

குன்னூர் பஸ் நிலையத்தில் எஸ்தர் மேடம் குடையுடன் நின்றிருந்தார். நான் போகவிருந்த பல்கலைக்கழகத்தின் நூலகர் அவர். ஐம்பது வயதிருக்கும், சிறிய உருவம், சேலைக்கு மேல் ஸ்வெட்டர், காதை மூடிய மஃப்ளர். இரண்டு மணி நேரமாக அங்கேயே நின்றிருக்கிறார்.

"வாங்க, வாங்க. குளுருதுங்களா? மொதல்ல டீ குடிங்க, மத்ததெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்."

சின்னக் கண்ணாடிக் கிளாசில் பால் டீயும், தொட்டால் உதிரும் வர்க்கியும் வந்தன. எங்கள் ஊரில் விருந்தாளிக்கு முதலில் பால் ஊற்றாத பிளேன்டீதான் கொடுப்போம், குவளை நிறைய. இங்கே நாலு மிடறில் கிளாஸ் காலி. கூச்சப்படாமல் இன்னொன்று கேட்டு வாங்கினேன்.

தங்கியது எஸ்தர் மேடத்தின் வீட்டில், ஒரு தேவாலயத்துக்குப் பின்புறம். அவருடைய கணவர் தேயிலை வியாபார அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் கொண்டுபோன இலங்கைத் தேயிலையைத் தானே கொதிக்க வைத்து, உறிஞ்சி, கண்ணை மூடி, "நல்லாருக்குதுங்க" என்றார். மறுநாள் காலை அடுப்படியில் பார்த்தேன். அவருடைய பழைய டப்பாதான் திறந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை ஏழரை மணிக்கு நூலகத்தில் இருந்தோம். இவ்வளவு சீக்கிரம் எதற்கு என்று நினைத்தேன். மூடுபனிக்குள் கதவைத் திறந்துகொண்டிருந்தவர் யோகராணி, நூலக அட்டெண்டர். நாற்பது வயது சொல்லலாம். அவர் குடும்பம் இலங்கைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்து குடியேறியது. கொஞ்ச நேரத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. முப்பது நாற்பது மாணவர்கள், பெரும்பாலும் பெண்கள், கைகளை உரசிக்கொண்டு உள்ளே ஓடி வந்தார்கள். நீண்ட மேசைகளில் பைகளை வைத்தார்கள். சுவரோரம் இருந்த பிளக்குகளில் போன்களைச் செருகினார்கள். பத்தே நிமிடத்தில் கூடம் அமைதியாகிவிட்டது.

"எஸ்டேட் பக்கத்துல இருந்து வர்றதுக்குக் காலையில இந்த ஒரு பஸ்தானுங்க" என்றார் எஸ்தர் மேடம். "வகுப்பு ஒம்பதரைக்கு. முன்னெல்லாம் நாங்களும் ஒம்பதரைக்குத்தான் தொறப்போம். ரெண்டு மணி நேரம் போர்ட்டிகோவுல நின்னுட்டிருக்குங்க, பாவம். நான் தெனமும் அதுங்களைத் தாண்டித்தான் உள்ள வருவேன். எனக்குத் தோணலைங்க. யோகராணிதான் வந்து, 'மேடம், சாவியைக் குடுங்க, நான் முன்னாடியே வந்து தொறக்கறேன், சாயந்தரம் சீக்கிரம் வூட்டுக்குப் போயிக்கறேன்'னு கேட்டாங்க."

"உடனே கொடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"எங்கீங்க! ஒரு மாசம் யோசிச்சேன். அட்டெண்டர்கிட்ட சாவி குடுத்த வழக்கமே இங்க இல்லைங்க."

மத்தியானம் ஆறு ஊழியர்களும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். பெள்ளி என்ற நூலக உதவியாளர் அவரைக்கொட்டைக் குழம்பு கொண்டுவந்திருந்தார். ஜெகதளா பக்கத்துப் படகர், அதிகம் பேசாதவர். குழம்பை என் தட்டில் ஊற்றுவதற்கு மட்டும் இரண்டு முறை எழுந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் எஸ்தர் மேடம் ஒரு சுற்றறிக்கையை எடுத்தார். நிர்வாகத்திலிருந்து வந்தது. வாசிப்புக்கூடத்தைக் கணினித் தேர்வு மையமாக மாற்ற வேண்டும், நூலகத்திலிருந்து இரண்டு பேரைத் தேர்வுப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும், வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சத்தமாக வாசித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மேசைக்கு இதே மாதிரி வந்த கடிதத்தை லாச்சிக்குள், அதாவது மேசை இழுப்பறைக்குள், வைத்துப் பூட்டிவிட்டுத்தான் நான் விமானம் ஏறியிருந்தேன். என் ஆட்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

"என்ன பண்ணலாம்? சொல்லுங்க" என்றார்.

யாரும் வாய் திறக்கவில்லை. எஸ்தர் மேடமும் பேசவில்லை. நானாக இருந்தால் அதற்குள் மூன்று தீர்வு சொல்லியிருப்பேன். கடைசியில் பெள்ளி தொண்டையைச் செருமினார்.

"மாடியில பழைய பத்திரிகை ரூம் இருக்குதுங்க மேடம். பாதிக்கு மேல ரெட்டைப் பிரதிங்க. அதைக் காலி பண்ணினா தேர்வு மையத்துக்கு எடம் பத்துமுங்க. கீழ் ஹாலைத் தொட வேண்டியதில்லை."

"அளந்து பார்த்தீங்களா?"

"இல்லைங்க."

"அப்ப நாளைக்கு அளக்கலாம்."

புதன்கிழமை என்னை அவலாஞ்சிக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அணை, காடு, மீன், எல்லாம் சொல்லியிருந்தார்கள். "நான் இங்கேயே நிற்கிறேன், எனக்கும் ஒரு துணி தாங்க" என்றேன். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு மாடி ஏறினேன்.

குன்னூரின் ஈரம் புத்தகங்களுக்கு எமன். கட்டுக்களைத் தூக்கியதும் பூஞ்சை வாடை நெஞ்சை அடைத்தது. எங்கள் நூலகத்திலும் இதே வாடைதான். அதில் மட்டும் இரண்டு ஊருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ரெட்டைப் பிரதிகளை ஒரு பக்கம், நல்ல பிரதிகளை இன்னொரு பக்கம் என்று அடுக்கினோம். பத்து வருடத்துக்கு முந்திய பொருளாதார இதழ் ஒன்றில் பெள்ளி மூழ்கிவிட்டார். இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் தலை நிமிர்ந்தார்.

அறையை அளக்க டேப் கேட்டபோது, கட்டிடப் பிரிவில் பூட்டுப் போட்டுவிட்டு எங்கோ போயிருந்தார்கள். யோகராணி தன் பையிலிருந்து ரவிக்கை தைக்கும் டேப்பை எடுத்தார். ஒன்றரை மீட்டர்தான். சுவரோரமாக நகர்த்தி நகர்த்தி வைக்க வேண்டும். நடுவே யாரோ தும்மினார்கள், எனக்கு எண்ணிக்கை விட்டுப்போனது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். மூன்றாம் முறைதான் அளவு நின்றது. அறை போதும். ஆனால் மேற்குச் சுவர் மழையில் கசிந்துகொண்டிருந்தது. பெள்ளி சத்தமில்லாமல் கீழே போனார். கட்டிடப் பிரிவுப் பொறியாளர் வரும்வரை வாசலிலேயே காத்திருந்து, கையோடு அழைத்து வந்து சுவரைக் காட்டினார். வெளிப்பக்கம் ஓட்டைச் சரிசெய்தால் நின்றுவிடும் என்று அவர் எழுதிக் கொடுத்தார்.

அன்று யோகராணியின் டிபன் பாக்ஸில் எனக்காகத் தேங்காய் ரொட்டியும் சம்பலும் இருந்தன. "சிலோன்காரங்க வந்தா ரொட்டி குடுக்காம விடாதேன்னு அம்மா சொல்லி அனுப்பிச்சாங்க" என்றார். சம்பலில் மாசிக் கருவாட்டுக்குப் பதிலாக நெத்திலிக் கருவாடு. அதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. ஊரிலிருந்து பதிவாளர் அலுவலகம். சிங்களத்தில் கேட்டார்கள்: "மிஸ், அந்த நான்கு பெயரும் எப்போது வரும்?" வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று சொல்லி வைத்தேன். மொழி புரியாவிட்டாலும் என் முகத்தை எஸ்தர் மேடம் பார்த்துவிட்டார். மாலையில் வீட்டுக்கு நடக்கும்போது கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், லாச்சியில் பூட்டிய கடிதம் உட்பட.

"அவங்ககிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா பயந்துடுவாங்க. சண்டை வரும். எனக்கு அதை எல்லாம் சமாளிக்கத் தெரியாது. நான் பதில் நூலகர்தானே, இன்னும் கொஞ்ச நாளில் யாராவது வந்துடுவாங்க."

அவர் தன் கதையைச் சொன்னார். நூலகரான முதல் மூன்று வருடம் எல்லாவற்றையும் தானே செய்தாராம். எந்தப் புத்தகம் வாங்குவது, எந்த அலமாரி எங்கே நிற்பது, எல்லாம் அவர் கையெழுத்துக்குக் காத்திருக்கும். ஒருமுறை டைபாய்டில் இரண்டு வாரம் படுத்துவிட்டார். எழுந்து வந்து பார்த்தால் புதுப் புத்தகப் பெட்டிகள் பின்கதவுக்கு வெளியே மழையில் நனைந்து கிடந்தன. உள்ளே எடுத்து வைக்கலாமா என்று கேட்க ஆள் இல்லாததால் யாரும் எடுத்து வைக்கவில்லை.

"நான் இல்லாட்டி ஒண்ணும் நடக்காதுன்னு அதுவரைக்கும் பெருமையா இருந்தேனுங்க. அந்தப் பெட்டிங்களைப் பார்த்ததும் அழுதுட்டேன். ஆறு பேர் இருந்தாங்க. ஒருத்தருக்குக்கூட அந்தப் பொஸ்தகம் தன்னுதுன்னு தோணலை. அப்படி ஆக்குனது நானுங்க."

அன்று படுக்கப் போகும் முன் நான்கு பெயர்களையும் எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகம் வந்தது. இரண்டாவது பெயருக்கு அப்பால் வாசிக்க முடியவில்லை.

வியாழன் காலை எஸ்தர் மேடம் பெள்ளியையும் யோகராணியையும் கூட்டத்துக்குக் கிளம்பச் சொன்னார். யோகராணியின் முகம் வெளுத்துவிட்டது. "நான் என்ன மேடம் பேசறது?" "தெனமும் பாக்கறதைச் சொல்லுங்க, போதும்." என்னையும் விருந்தாளியாக அழைத்துப் போனார்.

நீளமான மேசை, அதைச் சுற்றித் துறைத் தலைவர்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் பதிவாளர் எங்களை நிமிர்ந்து பார்த்தார். எஸ்தர் மேடத்துக்கு ஒரு நாற்காலி இருந்தது. "இலங்கையிலிருந்து வந்திருக்கீங்களா? வெரி குட், உட்காருங்க மேடம்" என்று எனக்கும் ஒன்றைக் காட்டினார். பிறகு மற்ற இருவரையும் பார்த்தார். "இது ஹெட்ஸ் மீட்டிங். இவங்க எதுக்கு? வெளியில இருக்கட்டும்."

எஸ்தர் மேடம் உட்காரவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. "சார், அந்த ஹாலைத் தெனமும் தொறக்கறது இவங்கதானுங்க. மாடி ரூமை அளந்தது அவர்தானுங்க. நான் சொன்னா ஒண்ணொண்ணையும் இவங்ககிட்டக் கேட்டுத்தான் சொல்லணும். அவங்களே சொல்லிட்டா நேரம் மிச்சமுங்க."

"வழக்கம்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா?"

"இருக்குதுங்க சார்."

அதோடு நிறுத்திக்கொண்டு நின்றார். எனக்குக் காட்டிய நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நானும் நின்றேன். அந்நிய ஊர், எனக்குச் சம்பந்தமில்லாத கூட்டம். ஆனாலும் அந்த இரண்டு பேர் நிற்கும்போது என்னால் உட்கார முடியவில்லை. விருந்தாளி நிற்பது பதிவாளருக்குச் சங்கடமாகிவிட்டது. அலுவலக உதவியாளரைப் பார்த்து, "ரெண்டு சேர் போடுங்க" என்றார்.

யோகராணியின் முதல் வாக்கியம் பாதியில் நின்றுபோனது. மேசையைப் பார்த்துக்கொண்டு மறுபடி தொடங்கினார்.

"சார், காலையில வர்ற புள்ளைங்க எஸ்டேட் லைன் வீட்டுல இருந்து வருதுங்க. ஒரு ரூமுல அஞ்சு பேர் இருப்பாங்க. படிக்கறதுக்கு எடமில்லை. போன்ல எல்லாம் இருக்குதுன்னு சொல்றாங்க. அந்தப் போனுக்கு சார்ஜ் போடறதுக்கே இங்கதான் வருதுங்க. போன மாசம் ஒரு புள்ள ஸ்காலர்ஷிப் பாரம் போடத் தெரியாம அழுதுட்டிருந்துச்சு. பெள்ளி சார்தான் பக்கத்துல உக்காந்து போட்டுக் குடுத்தாரு. ஹாலை எடுத்துட்டா அந்த ரெண்டு மணி நேரம் அதுங்க மறுபடி வெளியிலதான் நிக்கணும். நான் பார்த்துட்டு உள்ள உக்காந்திருக்க முடியாதுங்க சார்."

வேதியியல் துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பெள்ளி தன் காகிதத்தை விரித்தார். அறையின் நீளம், அகலம், எத்தனை மேசை போடலாம், சுவர் கசிவுக்குப் பொறியாளர் எழுதிக் கொடுத்தது, எல்லாவற்றையும் மெல்லிய குரலில் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். பதிவாளர் குறுக்கே நிறையக் கேள்வி கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பெள்ளியிடம் பதில் இருந்தது.

ஒரு மணி நேரத்தில் முடிவானது. வாசிப்புக்கூடம் அப்படியே இருக்கும். தேர்வு மையம் மாடிக்குப் போகும். ஆனால் தேர்வுப் பிரிவுக்கு ஆள் வேண்டும் என்பதில் பதிவாளர் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு பேர் வேண்டாம், ஒருவர் வேண்டும் என்றார். கேள்விக்கெல்லாம் பதில் சொன்ன பெள்ளியையே கேட்டார்.

எஸ்தர் மேடத்தின் முகம் இறுகியது. மறுக்க வாயெடுத்தவரைப் பெள்ளி தடுத்தார். "தேர்வு முடியற வரைக்கும் போறேனுங்க மேடம். அதுக்கப்பறம் திரும்பி வர்ற மாதிரி எழுதி வாங்கிக் குடுங்க." எழுதி வாங்காமல் எஸ்தர் மேடம் அந்த அறையை விட்டு நகரவில்லை. பதிவாளர் பேனாவைத் தேட, எஸ்தர் மேடம் தன்னுடையதை நீட்டினார்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் சுவரில் சாய்ந்து நின்றார். "பாதிதான் ஜெயிச்சோமுங்க. என் கையில இருந்த நல்ல ஆளைக் குடுத்துட்டேன்."

"ஹால் முழுசா இருக்குதுங்களே மேடம்" என்றார் யோகராணி.

வெள்ளிக்கிழமை காலை நான் எங்கள் பதிவாளரைக் கூப்பிட்டேன். பெயர்ப் பட்டியல் தர முடியாது, திங்கட்கிழமை வந்து ஊழியர்களோடு கதைத்துவிட்டு, அவர்களில் இருவரோடு உங்களைச் சந்திக்கிறேன் என்றேன். எதிர்ப்பக்கம் கோபப்பட்டது. "பதில் கடமையில் இருப்பவர் இப்படியெல்லாம் செய்வதில்லை" என்றார். "பொறுப்பு என் கையில் இருக்கும்வரை இப்படித்தான் செய்வேன், சார்" என்றேன். போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். எஸ்தர் மேடத்தின் கணவர் ஒரு கிளாஸ் டீயை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மலை ரயிலில் கீழே இறங்க ஆசைப்பட்டிருந்தேன். பாதையில் மண் சரிந்ததால் ரயில் ஓடவில்லை. சனிக்கிழமை மறுபடி பஸ்தான். வழியனுப்ப வந்த யோகராணி, "அடுத்த தடவை மாசி கொண்டாங்க" என்றார்.

ஊரில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் நிர்வாகம் நான்கு பேரைக் கேட்டது. பல நாள் இழுபறிக்குப் பிறகு இரண்டு பேர் போனார்கள். இருவரும் தாங்களே கேட்டுப் போனவர்கள். ஒருவருக்கு வீட்டுக்குப் பக்கத்தில் வேலை கிடைத்தது. மற்றவர்கள் எல்லோரும் எங்களோடுதான் இருக்கிறார்கள். நிரந்தர நூலகர் பதவிக்கு விண்ணப்பம் கோரினார்கள். முன்பு அந்த விளம்பரத்தைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பியிருப்பேன். இந்த முறை விண்ணப்பித்திருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை.

ஆனால் நான் சொல்ல விரும்புவது அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி. எல்லோரையும் கூப்பிட்டு, பூட்டி வைத்த கடிதத்தை வாசித்தேன். இத்தனை நாள் மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். சிலர் கோபப்பட்டார்கள், கோபப்பட அவர்களுக்கு நியாயம் இருந்தது. பிறகு, ஆள் குறைந்ததால் மூடிக்கிடந்த மாலை நேர நூலகத்தை மறுபடி திறக்க நான் ஒரு திட்டம் சொன்னேன். சொல்லி முடித்ததும் பின்வரிசையில் சுமனாவதி எழுந்தார். புத்தகங்களை அலமாரியில் அடுக்கும் ஊழியர். பல வருடங்களாக எனக்குக் காலை வணக்கம் மட்டும் சொன்னவர்.

"மிஸ், கோபிக்காதீங்க. இது சரிவராது" என்றார் சிங்களத்தில். "அந்த நேரத்தில் பெண் பிள்ளைகள் விடுதிக்குப் போகும் பாதையில் வெளிச்சம் இல்லை. நீங்கள் அந்தப் பக்கம் நடந்ததில்லை."

அறை முழுக்க என்னைப் பார்த்தது.

"அப்போ எப்படிச் செய்யலாம், நீங்க சொல்லுங்க" என்றேன்.

சுமனாவதி முன்னால் நடந்து வந்து, என் கையிலிருந்த பேனாவை வாங்கி, வெண்பலகையில் விடுதிப் பாதையை வரையத் தொடங்கினார்.